காலையில் அடம்பிடிக்கும் மானிட்டர்: பலகையை மாற்றுவதா, கெப்பாசிட்டரை மாற்றுவதா?

மன்னார்குடியில் டி.டி.பி. கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"என் கடையில் 2007-இல் வாங்கிய 19 அங்குல எல்.சி.டி. மானிட்டர் ஒன்று இருக்கிறது. பக்க வடிவமைப்புக்கு அதன் சதுரத் திரை வசதி என்பதால் விட மனமில்லை. ஒரு வருடமாகக் காலையில் சுவிட்ச் போட்டால் முன்விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரிகிறது, படம் வருவதில்லை. இருபது நிமிடம் அப்படியே விட்டால் வந்துவிடும். மார்கழிக் குளிரில் முக்கால் மணி நேரம்கூட ஆனது. வந்துவிட்டால் இரவு வரை ஓடும். இரவில் அணைக்காமல் விட்டால் மறுநாள் காலை உடனே வருகிறது. தெரிந்த தம்பி ஒருவர் திறந்து, உப்பியிருந்த இரண்டு கெப்பாசிட்டரை மாற்றிக் கொடுத்தார். ஐந்து மாதம் ஓடியது. இப்போது பழைய தொல்லையோடு புதிதாக ஒன்று: சில நாள் படம் வந்து இரண்டு விநாடியில் திரை இருண்டுவிடுகிறது. சர்வீஸ் கடையில் 'போர்டு போச்சு, பார்ட்ஸ் வராது' என்றார்கள். பாலிடெக்னிக்கில் படித்ததால் எனக்குச் சால்டரிங் ஓரளவு வரும். நானே செய்யலாமா? கடையில் இதே வயதில் இன்னும் ஒரு மானிட்டரும், புதிய எல்.இ.டி. மானிட்டர் ஒன்றும் இருக்கின்றன. அவற்றுக்கும் முன்கூட்டியே ஏதாவது செய்யவேண்டுமா? பலகையின் படம் இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள வாசகருக்கு,

செய்யலாம். உங்கள் பலகை போகவில்லை. "சூடானால் வருகிறது, குளிர்ந்தால் வர மறுக்கிறது" என்று நீங்கள் எழுதிய அடையாளமே எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் வறண்டதற்கான அடையாளம். ஐ.சி. எரிந்திருந்தால், பலகையில் பாதை அறுந்திருந்தால், இருபது நிமிடம் காத்திருந்ததற்காக அது குணமாகாது.

மானிட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பலகை, அதாவது பவர் சப்ளை பலகை, கரண்ட்டை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் 5 வோல்ட்டாகவும் 14 வோல்ட்டாகவும் மாற்றுகிறது. வெளியே வரும் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக இருக்கும். பம்புசெட்டிலிருந்து பீறிட்டு வரும் தண்ணீர் தொட்டியில் விழுந்து, அடங்கி, பிறகு வாய்க்காலில் சீராக ஓடுகிறதல்லவா, அந்தத் தொட்டியின் வேலைதான் கெப்பாசிட்டருக்கு. அதன் உள்ளே அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஈரமான எலக்ட்ரோலைட் இருக்கிறது. வருடக்கணக்கான சூட்டில் அந்த ஈரம் ரப்பர் அடைப்பு வழியே மெல்ல ஆவியாகிறது. ஈரம் குறையக் குறைய உள்மின்தடை, அதாவது ஈ.எஸ்.ஆர்., ஏறுகிறது. அப்புறம் துடிப்பை அடக்க முடியாது. 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தம் வருகிறது. மெயின் பலகையில் உள்ள புராசஸர் அதைப் பார்த்துத் துவங்கும், விழும், மறுபடி துவங்கும். உங்கள் முன்விளக்கு மினுக்குவது அதனால்தான்.

மிச்சமிருக்கும் எலக்ட்ரோலைட் சூடானால் மின்னோட்டத்தை இன்னும் நன்றாகக் கடத்தும், ஈ.எஸ்.ஆர். இறங்கும். இருபது நிமிடத்தில் மானிட்டர் விழித்துக்கொள்வதும், மார்கழியில் நேரம் நீண்டதும், இரவு முழுக்க விட்டுவைத்தால் காலையில் உடனே வருவதும் இதனால்தான். ஆனால் இரவு முழுக்க விடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது மிச்ச ஈரத்தையும் உறிஞ்சுகிறது. ஆளில்லாத பூட்டிய கடையில் பழுதுபட்ட பவர் சப்ளையை ஓடவிடுவதும் ஆபத்து.

இரண்டு விநாடியில் இருள்வதும் பெரும்பாலும் இதே நோயின் அடுத்த கட்டம்தான். 2007 மாடல் என்றால் திரைக்குப் பின்னால் எரிவது மெல்லிய சி.சி.எஃப்.எல். குழல்விளக்கு. அதற்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுத்து எரியவைக்கும் இன்வெர்ட்டர் பகுதி 14 வோல்ட் லைனிலிருந்து கரண்ட் எடுக்கிறது. விளக்கு எரிந்ததும் அந்த லைனில் சுமை சட்டென்று ஏறும். கெப்பாசிட்டர் தாங்காவிட்டால் மின்னழுத்தம் தள்ளாடும், இன்வெர்ட்டரின் பாதுகாப்புச் சுற்று விளக்கை அணைத்துவிடும். திரை இருண்ட பிறகு கைடார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக டெஸ்க்டாப் தெரிந்தால் படம் வருகிறது, பேக்லைட் மட்டும்தான் அணைந்திருக்கிறது. ஆனால் இதே இரண்டு விநாடி அறிகுறி குழல்விளக்கு மூப்படைந்தாலும் வரும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அணைவதற்கு முன் அந்த இரண்டு விநாடி வெளிச்சம் ரோஜா நிறம் கலந்து, ஓரங்களில் செம்மையாக இருந்தால் விளக்கின் மேல் சந்தேகம். வெள்ளையாக இருந்தால் கெப்பாசிட்டரின் மேல் சந்தேகம்.

இப்போது அந்தத் தம்பி செய்த வேலை ஏன் ஐந்து மாதம்தான் தாங்கியது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாற்றப்பட்ட இரண்டும் 1000 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு) 25 வோல்ட். உறையில் 85 டிகிரி என்று அச்சடித்திருக்கிறது. பழைய இடத்தில் உட்காராததால் கால்களை ஒரு விரற்கடை நீளம் விட்டு, பக்கவாட்டில் படுக்கவைத்திருக்கிறார். அதன் தலை, டயோடு பொருத்திய அலுமினிய ஹீட்சிங்க்கை, அதாவது சூடு தணிக்கும் தகட்டை, தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ஓரத்தில் பிளாஸ்டிக் உறை சுருங்கி, உலோகம் வெளியே தெரிகிறது. வேறு இடத்தில் 470 மைக்ரோஃபாரட் ஒன்றின் மேல்தட்டு லேசாகப் புடைத்திருக்கிறது. அதை அவர் தொடவில்லை.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும், கூடினால் பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிட்ட கெப்பாசிட்டர் 65 டிகிரி சூட்டில் சுமார் 32,000 மணி நேரம் தாங்கவேண்டும். அதே 2,000 மணி மதிப்புள்ள 85 டிகிரி வகை, அதே 65 டிகிரியில் 8,000 மணி நேரம்தான். அதுவும் காகிதக் கணக்கு. சாதாரண வகையின் ஈ.எஸ்.ஆர். முதல் நாளிலிருந்தே அதிகம். எஸ்.எம்.பி.எஸ். துடிப்பு உள்ளே ஓடும்போது அது தனக்குத்தானே சூடேறும். அதன்மேல் ஹீட்சிங்க்கின் சூடும் ஏறினால் ஐந்து மாதம் ஓடியதே பெரிது. உப்பியதை மட்டும் மாற்றினால் போதும் என்பதும் தவறு. உப்பாமலே வறண்டவை எத்தனையோ. ஆகவே இம்முறை செகண்டரி பக்கத்தில் (5, 14 வோல்ட் வெளியே வரும் பக்கம்) இருக்கும் எல்லா எலக்ட்ரோலைட்டிக்கையும், கூடவே பிரைமரி பக்கத்தில் (230 வோல்ட் உள்ளே வரும் பக்கம்) இருக்கும் ஒரு சிறியதையும் மாற்றவேண்டும். ஒன்றிரண்டை மிச்சம் பிடித்து மறுபடி திறப்பதில் அர்த்தமே இல்லை. செலவு காசுக்கல்ல, திறந்து மூடும் உழைப்புக்குத்தான்.

அந்தச் சிறியது எது என்று சொல்கிறேன், ஏனென்றால் பலரும் விட்டுவிடுவது அதைத்தான். 230 வோல்ட் வரும் பக்கத்தில், எட்டுக் கால் கொண்ட கண்ட்ரோல் ஐ.சி.க்கு அருகே, சுண்டுவிரல் நகம் அகலம்கூட இல்லாத 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். ஐ.சி. துவங்கத் தேவையான மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது அது. அளவில் சிறியது என்பதால் ஈரமும் குறைவு, சீக்கிரம் வறளும். உப்பவே உப்பாது, பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். மற்ற எல்லாவற்றையும் மாற்றியும் மானிட்டர் "டிக்... டிக்..." என்று மட்டும் சத்தமிட்டால் குற்றவாளி பெரும்பாலும் இதுவே.

சால்டர் பிடிப்பதற்கு முன், நோய் இதுதான் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். செலவில்லாத சோதனை ஹேர்டிரையர். மானிட்டர் முழுக்க ஆறிக் கிடக்கும் காலையில், மின்சாரம் கொடுக்காமல், பின்மூடியின் காற்றுத்துளைகள் வழியே பவர் பலகை இருக்கும் பக்கமாக ஐந்தாறு நிமிடம் மிதமான வெப்பக் காற்று அடியுங்கள். பிறகு சுவிட்ச் போடுங்கள். வழக்கமான இருபது நிமிடம் ஆகாமல் உடனே வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரே இடத்தில் குவித்து அடித்தால் பிளாஸ்டிக் வளையும், நகர்த்திக்கொண்டே இருங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பிரைமரி பக்கத்தில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று, 100 அல்லது 120 மைக்ரோஃபாரட் 450 வோல்ட், இருக்கும். 230 வோல்ட் ஏ.சி. அதில் சுமார் 325 வோல்ட் டி.சி.யாகத் தேங்குகிறது. இரவில் லைன் 260-க்கு ஏறினால் 365-ஐத் தாண்டும். ஒழுங்காக ஓடும் மானிட்டரில் பிளக்கைப் பிடுங்கியதும் பலகையே இதைக் கொஞ்ச நேரத்தில் குடித்துவிடும். ஆனால் உங்களுடையதுபோல் துவங்க மறுக்கும் பலகையில் அதைக் குடிக்க ஆளில்லை. பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் ஆன பின்னும் முழு மின்னழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கும். பிளக்கை எடுத்துவிட்டோமே என்று தொட்டால் அடி விழும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி, இரு காலிலும் இன்சுலேட்டட் வயர் பற்றவைத்து, அந்தக் கெப்பாசிட்டரின் இரு முனையிலும் பத்து விநாடி வைத்துப் பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரை 1000 வோல்ட் டி.சி.யில் வைத்து அளந்து பார்த்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தபின் மட்டும் கையை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பொறி பறந்து பாதையும் கருகும், கெப்பாசிட்டரும் பழுதாகும்.

திறக்கும் முறை: மேசைமேல் மெத்தென்ற போர்வை விரித்து, திரையைக் குப்புறப் படுக்கவையுங்கள். தாங்கியைக் கழற்றி, பின்பக்க ஸ்க்ரூக்களை எடுங்கள். முன்சட்டம் கிளிப்பில் மாட்டியிருக்கும். கீழ் விளிம்பின் நடுவில் பழைய ஏ.டி.எம். அட்டையை நுழைத்து, அழுத்தி, ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். இரும்புக் கருவி வேண்டாம், திரையின் ஓரம் நொறுங்கும். உள்ளே தகரக் கூட்டுக்குள் இரண்டு பலகைகள் இருக்கும். பவர் வயர் வந்து சேர்வது ஒன்று, கணினி வயர் வந்து சேர்வது மற்றொன்று. நமக்கு வேண்டியது முதலாவது. குழல்விளக்கின் ஒயர்கள் நான்கு சிறு சாக்கெட்டில் சொருகியிருக்கும். பிளாஸ்டிக் தலையைப் பிடித்துத்தான் இழுக்கவேண்டும், ஒயரைப் பிடித்தல்ல. எல்லாக் கோணத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக ஒவ்வொரு கெப்பாசிட்டரின் வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது படத்தில் தெளிவாக விழவேண்டும்.

பலகையைக் கையில் எடுத்ததும் கெப்பாசிட்டர் அடியில் பாருங்கள். தொழிற்சாலையில் ஆட்டம் தெரியாமலிருக்க மஞ்சள் பசை வைத்திருப்பார்கள். அது வருடம் ஆக ஆகச் சூட்டில் காப்பி நிறமாகிக் கெட்டிப்படும். நிறம் மாறிய பசை ஈரம் உறிஞ்சினால் மின்சாரம் கடத்தும், பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டர், ஜம்பர் கால்களை அரிக்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடைக்குள் சுவரே வியர்க்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரைப் பக்கம் இதோடு உப்புக் காற்றும் சேர்ந்து சாக்கெட் ஊசிகள் பச்சை பூத்துவிடும். அதனால் பழுப்பான பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷ்ஷால் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். பச்சை வார்னிஷைச் சுரண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசையை ஒழுகிய எலக்ட்ரோலைட் என்று தவறாக நினைத்துவிடவும் வேண்டாம். பசை அடியில் மட்டும் கட்டியாக இருக்கும். ஒழுகியது மெல்லிய கறையாகப் பரவி, மீன் வாடை அடிக்கும்.

பொருள் வாங்குவதுதான் இந்த வேலையில் பாதி. உங்கள் படத்தில் எனக்குத் தெரிவது: 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் இரண்டு, 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் ஒன்று, 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் இரண்டு, பிரைமரியில் 22 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் ஒன்று. ஆக ஆறு. படத்தில் மறைந்திருப்பது இருக்கலாம். பலகையைக் கையில் வைத்து எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தம்பி போட்ட இரண்டின் மதிப்பை நம்பாமல், பலகையில் அச்சடித்திருந்தால் அதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 450 வோல்ட் பெரியதை, மேல்தட்டு சமமாக இருந்து, அளவும் சரியாக இருந்தால் விட்டுவிடலாம். அது சீக்கிரம் கெடுவதில்லை.

மைக்ரோஃபாரட் அதே அளவு இருக்கட்டும், குறையக்கூடாது. 470 கிடைக்காவிட்டால் 560 அல்லது 680 போடலாம். வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல். 10 வோல்ட் இருந்த இடத்தில் 16 வோல்ட் போடுவது நல்லதே. ஆனால் 25 வோல்ட் இடத்தில் 16 வோல்ட் போட்டால் வெடிக்கக்கூடும். 105 டிகிரியும் லோ ஈ.எஸ்.ஆர். வகையும் கட்டாயம். கடையில் "எஸ்.எம்.பி.எஸ்.க்கு, லோ ஈ.எஸ்.ஆர்., 105 டிகிரி" என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். 105 டிகிரி என்று போட்டதெல்லாம் லோ ஈ.எஸ்.ஆர். ஆகாது. பானாசோனிக் எஃப்.ஆர். அல்லது எஃப்.எம்., ரூபிகான் இசட்.எல்.எச்., நிச்சிகான் எச்.இ. ஆகிய வரிசைகளில் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நம்மூர் ஃபேன், ரேடியோ ஸ்பேர் கடைகளில் இவை அரிது. திருச்சியில் பெரிய ஸ்பேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவிலோ, எலக்ட்ரானிக் பாகங்களை அங்கீகாரத்தோடு விற்கும் ஆன்லைன் நிறுவனங்களிலோ வாங்குங்கள். ஆறும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள், இதை மறந்தால் மறுபடி படுக்கவைக்கும் கதைதான். பலகையில் வரைந்த வட்டம் 10 மில்லிமீட்டர் என்றால் 13 மில்லிமீட்டர் உட்காராது. உயரம் தகரக் கூட்டில் இடிக்கக்கூடாது. போலிகளும் உண்டு. பெரிய உறைக்குள் சின்னக் கெப்பாசிட்டரை அடைத்து விற்கிறார்கள். கையில் எடுத்தால் எடையில்லாமல் இருக்கும். உங்கள் மல்டிமீட்டரில் கெப்பாசிட்டர் அளவு இருந்தால் 1000 மைக்ரோஃபாரட் 800-க்கும் 1200-க்கும் நடுவே காட்டவேண்டும். ஆனால் இந்த அளவை வைத்துப் பழையதை "நல்லது" என்று சொல்லிவிடாதீர்கள். 950 காட்டும் கெப்பாசிட்டரின் ஈ.எஸ்.ஆர். ஒரு ஓமைத் தாண்டியிருக்கலாம். ஈ.எஸ்.ஆர். காட்டும் சின்னக் காம்பொனென்ட் டெஸ்டர் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. இது தொடர்ந்து செய்யப்போகிற வேலை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். 1000 மைக்ரோஃபாரட் லோ ஈ.எஸ்.ஆர். புதியது 0.05 ஓம் அளவிலோ அதற்குக் கீழோ காட்டும். 0.2-ஐத் தாண்டிய பழையதை நான் திரும்பப் போடமாட்டேன்.

சால்டரிங்கில் உங்கள் கை பழகியிருக்கிறது என்றாலும் இந்தப் பலகை கல்லூரிப் பலகை மாதிரி இராது. ஐரோப்பிய விதிப்படி 2006-க்குப் பின் வந்த பலகைகளில் ஈயமில்லாச் சால்டர். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் 60/40 ஈயமோ 190-க்குள் உருகிவிடும். 25 வாட் அயர்னை வைத்து "உருகவில்லையே" என்று அழுத்திக்கொண்டே இருந்தால் செப்புப் பாதை உரிந்து கையோடு வரும். முதலில் ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் புதிய 60/40 ஈயம் சேர்த்து உருக்குங்கள். இரண்டும் கலந்து எளிதில் உருகும் கலவையாகும். பிறகு ஒரு காலைச் சூடாக்கிக் கெப்பாசிட்டரை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்து, அடுத்த காலைச் சூடாக்கி இந்தப் பக்கம் சாய்த்து, மெல்ல நடத்தி வெளியே எடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு விநாடிக்கு மேல் வேண்டாம். பலம் போட்டு இழுக்கவே கூடாது. கிரவுண்ட் பக்கத்துக் கால் அகலமான செம்பில் இருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதற்கு மட்டும் 35 அல்லது 40 வாட் அயர்ன் நல்லது. துளை அடைத்திருந்தால் சால்டர் உறிஞ்சும் பம்ப்பை வையுங்கள். பிடிவாதமாக அடைத்திருந்தால் ஈயத்தை உருக்கி, மரப் பல்குத்தும் குச்சியைச் செருகி ஆறவிட்டு எடுங்கள். மரத்தில் ஈயம் ஒட்டாது. பேஸ்ட் ரோசின் வகை மட்டும் பயன்படுத்துங்கள், தகரம் ஒட்டும் ஆசிட் கூடவே கூடாது.

ஒருவேளை பேட் (கால் பற்றவைக்கும் செப்புத் திட்டு) உரிந்துவிட்டால் பதற வேண்டாம். பாதை எங்கே போகிறது என்று பார்த்து, அரை சென்டிமீட்டர் தூரம் பச்சை வார்னிஷைப் பிளேடால் சுரண்டி, கெப்பாசிட்டரின் காலை அதன்மேல் மடக்கிப் பற்றவைத்தால் போதும்.

ஒன்றை எடுத்ததும் அதன் இடத்தில் புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிக் குவித்தால் குழப்பம்தான். கெப்பாசிட்டர் உடலில் வெள்ளைக் கோடு மைனஸ். பலகையின் வட்டத்தில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் மைனஸ்தான், ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரி அச்சடிப்பதில்லை. எடுக்கும்போது இருந்த திசையே சரியான திசை, அதற்குத்தான் முன்பே படம். தலைகீழாகப் போட்டால் சில விநாடியில் வெடித்துச் சிதறும், முகத்துக்கு நேரே வைத்துச் சோதிக்கும்போது இது சாதாரண விஷயமல்ல. அடி பலகையோடு ஒட்டி உட்காரவேண்டும், ஹீட்சிங்க்கிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது விலகி நிற்கவேண்டும்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டால் கூடவே டிரான்ஸ்ஃபார்மர் கால்களையும், பவர் சாக்கெட் கால்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வளையம் போல் விரிசல் தெரிந்தால் புதிய ஈயம் கொடுத்து உருக்கிவிடுங்கள்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே பலகைக்குப் போகும்படி, போட்டுக் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை பல்புதான் வேண்டும். பலகை காய்ந்த அட்டையின்மேல் இருக்கட்டும், குழல்விளக்கு ஒயர்கள் நான்கும் சொருகியிருக்கட்டும். பல்பு பளிச்சென்று ஒரு கணம் எரிந்து உடனே மங்கினால் சரி. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பிளக்கை எடுத்து, பெரிய கெப்பாசிட்டரை மறுபடி வடித்துவிட்டுத் துருவம் மாறியிருக்கிறதா, பக்கத்துக் கால்களை ஈயம் பாலம்போல் இணைத்திருக்கிறதா என்று தேடுங்கள். இதில் தேறியபின் பல்பை நீக்கி நேர் கரண்ட் கொடுத்து, இரு பலகைகளையும் இணைக்கும் சாக்கெட்டில் அளங்கள். 5 வோல்ட் என்று அச்சடித்த ஊசியில் 4.9 முதல் 5.2 வரை ஆடாமல் நிற்கவேண்டும். 14 வோல்ட் ஊசி, திரை எரியும்போதும் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது. கருப்பு முனையைச் செகண்டரி கிரவுண்டில் மட்டும் வையுங்கள். பிரைமரி பக்கத்து மைனஸ் அல்ல அது.

இதற்குப் பிறகும் இரண்டு விநாடியில் இருண்டால், குழல்விளக்கோ இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மரோ போயிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, பெரிய கெப்பாசிட்டரை வடித்துவிட்டு, ஒரே மாதிரி இருக்கும் இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மர்களின் செகண்டரி ஓமை அளந்து ஒப்பிடுங்கள். ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் எதுவுமே காட்டாவிட்டால் அதன் சுருள் அறுந்துவிட்டது. எல்லாம் சமம் என்றால் விளக்கு. அந்த நிலையில் அந்த மானிட்டரை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. விளக்கு மாற்ற, திரையின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். தூசி படாமல் மூடுவது கடையில் நடக்காத காரியம். குழல் உடைந்தால் உள்ளிருக்கும் பாதரசமும் வெளியே வரும்.

ஃபியூஸே போயிருந்தால் கதை வேறு. தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டு லைனில் 400 வோல்ட் வரை வரும்போது அப்படி ஆகும். மழைக்காலத்தில் நம் ஊர்களில் இது நடக்காத ஆண்டில்லை. ஃபியூஸை மட்டும் மாற்றிப் போட்டால் அடுத்த நொடி அதுவும் போகும். சுவிட்சிங் டிரான்சிஸ்டரும் பிரிட்ஜ் டயோடும் ஷார்ட் ஆகியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். லோ வோல்டேஜுக்குப் பயந்து ஸ்டெபிலைசர் வாங்கவேண்டியதில்லை. மானிட்டர் 100 வோல்ட்டிலிருந்தே ஓடும்படி செய்யப்பட்டது. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் லைன் 180-க்கு இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. ஏறும் வோல்டேஜை வெட்டிவிடும் ஹை வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று மெயினில் இருந்தால் கடையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நல்லது.

இன்னொரு பழைய மானிட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது சுவிட்ச் போட்டதும் தயங்காமல் வந்தால் திறக்கவேண்டாம். காலையில் ஐந்தாறு விநாடி தாமதிக்க ஆரம்பித்தாலோ, முன்விளக்கு இரண்டு மூன்று தடவை மினுக்கிவிட்டு வந்தாலோ அப்போதே செய்துவிடுங்கள். மொத்தமாகப் படுக்கும் வரை ஓட்டினால் தள்ளாடும் மின்னழுத்தம் மெயின் பலகையையும் இன்வெர்ட்டரையும் சேர்த்துக் கெடுக்கும். அந்தப் பலகையையும் ஒரு தடவை பார்த்து எழுதிக்கொண்டால் இரண்டு செட்டையும் ஒரே ஆர்டரில் வாங்கிவிடலாம். வாங்கி வைத்த கெப்பாசிட்டர் ஓரிரு வருடம் சும்மா இருந்தாலும் கெடாது, ஈரமில்லாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

புதிய எல்.இ.டி. மானிட்டரில் குழல்விளக்கும் இன்வெர்ட்டரும் இல்லை. வெளியே தனி அடாப்டர் இருக்கும் வகை என்றால் கோளாறு வந்ததும் மானிட்டரைத் திறக்காமல் முதலில் அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே துருவமுள்ள வேறு அடாப்டரைச் சொருகிப் பாருங்கள். வறண்டுபோவது பெரும்பாலும் அந்த அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்தான். ஒட்டி மூடிய அடாப்டரை உடைத்துச் சரிசெய்து மறுபடி ஒட்டாதீர்கள், புதிது வாங்குங்கள்.